நடந்து பார்த்தால் தெரியும் சென்னை

பாரிமுனையில் பஸ்ஸுக்கு நிற்பவர்களில் பெரும்பாலோருக்கு, டேர் ஹவுஸ் வளாகத்தில் இருக்கும் பழைய கல்தூணைப் பற்றித் தெரியாது. 1746-ல் ஜார்ஜ் கோட்டை பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போய், சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தது. கோட்டையை ஒட்டி வீடுகள் நெருக்கமாக இருந்தால் எதிரி மறைந்து வர வசதி என்பது ஆங்கிலேயர்களுக்கு அப்போதுதான் உறைத்தது. கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரம் தரைமட்டமாக்கப்பட்டது. குடியிருந்தவர்கள் வடக்கே தள்ளிப் போனார்கள். இந்த எல்லைக்குள் இனி யாரும் வீடு கட்டக் கூடாது என்று 1773-ல் ஆறு தூண்களை நட்டார்கள். அவற்றில் மிஞ்சியது இந்த ஒன்றுதான். காலியாக விடப்பட்ட அந்த நிலத்தில்தான் பின்னாளில் உயர் நீதிமன்றம் எழுந்தது.

இப்படிப்பட்ட கதைகளைக் கேட்பதற்காகவே, ஆகஸ்ட் மாதத்தில் ஆட்கள் விடிகாலையில் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகத் தெருமுனைகளில் கூடுகிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தக் கடற்கரைத் துண்டு நிலம் கிடைத்த நாளாகச் சொல்லப்படுவது 1639 ஆகஸ்ட் 22. அதைக் கொண்டாடலாமே என்று எஸ். முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டி’சோசா மூவரும் 2004-ல் தொடங்கியதுதான் மெட்ராஸ் தினம். கொழும்பில் பத்திரிகையாளராக இருந்து, 1968-ல் சென்னைக்கு வந்தவர் முத்தையா. 2019-ல் மறையும் வரை இந்த ஊரின் கதையை எழுதிக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் விழா வாரமாகி, இன்று ஏறக்குறைய மாதம் முழுக்க நீள்கிறது. பள்ளி, நூலகம், குடியிருப்போர் சங்கம், தனி ஆள் என யார் வேண்டுமானாலும் நடை, பேச்சு, புகைப்படக் கண்காட்சி, விநாடி வினா எதையும் நடத்தலாம். விழா இத்தனை பேட்டைகளுக்குப் பரவியதற்குக் காரணமே அதுதான்.

ஒரு நடையில் என்ன கிடைக்கும் என்பதற்கு ஆர்மீனியன் தெருவே போதும். 1772-ல் கட்டிய ஆர்மீனிய தேவாலயத்தின் கதவைத் தாண்டினால் பிராட்வே இரைச்சல் சட்டென்று அடங்கிவிடும். காலடியில் கல்லறைக் கற்கள். உலகின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகையான ‘அஸ்தரார்’ 1794-ல் வெளிவந்தது இந்தச் சென்னையிலிருந்துதான். அதை நடத்திய பாதிரியார் ஷ்மவோனியன் உறங்குவதும் இங்கேதான். தேவாலயத்தை விட்டுத் தனியாக நிற்கும் கோபுரத்தில் ஆறு பெரிய மணிகள். 1808-ல் மீண்டும் வார்க்கப்பட்ட ஒரு மணியில் தமிழ் எழுத்துகளும் உண்டு. கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் 1726-ல் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பாலம் கட்டிக் கொடுத்தார். பரங்கிமலைப் படிகளும் அவர் உபயமே. ஆர்மீனியன் தெருவிலேயே கச்சாலீசுவரர் கோயிலும் இருக்கிறது, கத்தோலிக்கத் தேவாலயமும் இருக்கிறது.

கம்பெனிக்காரன் வந்த நாளை நாம் ஏன் கொண்டாட வேண்டும் என்ற கேள்வியும் ஆண்டுதோறும் எழுகிறது. நியாயமான கேள்விதான். கோட்டை கட்டுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் இருந்தன. பார்த்தசாரதி கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டே உண்டு.

அந்தப் பழைய ஊரின் கொண்டாட்டம் ஜனவரியில். மயிலாப்பூர் விழாவின்போது வடக்கு மாட வீதி வண்டிகளிடமிருந்து விடுபட்டுக் கோலம் போடுகிறவர்கள் வசமாகிவிடும். ஆளுக்கு ஒரு கட்டம். புள்ளி வைத்து, இழை பிசகாமல், நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். பாட்டிகளுக்குப் பக்கத்துக் கட்டத்தில் பள்ளிச் சிறுமிகளும், சில சமயம் ஆண்களும் உட்கார்ந்திருப்பார்கள். பல்லாங்குழி, தாயக்கட்டைப் போட்டிகளும் நடக்கின்றன.

கோட்டை, கோயில் இரண்டிலும் அடங்காத சென்னையும் இருக்கிறது. பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டிய மீனவர் குடியிருப்பில், 2015-ல் ஊரூர் ஆல்காட் குப்பம் விழா தொடங்கியது. பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழலியல் எழுத்தாளர் நித்யானந்த் ஜெயராமன் ஆகியோர் குப்பத்து மக்களோடு சேர்ந்து நடத்தியது இது. பறையும் கர்நாடக இசையும் ஒரே மேடையில் ஒலித்தன. அதைவிட முக்கியம், பல வருடம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத பெசன்ட் நகர்வாசிகள் குப்பத்துக்குள் நடந்து வந்ததுதான்.

இந்த நடைகளாலும் விழாக்களாலும் கட்டடங்கள் பிழைக்குமா? அண்ணா சாலையின் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை 2006-ல் இடிக்கத் தொடங்கியபோது, மரபுப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போனது. 2010-ல் உயர் நீதிமன்றம் இடிப்புக்குத் தடை போட்டது. 2012-ல் மரபு ஆணையத்துக்கான சட்டம் வந்தது. வழக்குப் போட ஓர் அமைப்பு போதும்தான். ஆனால் அந்த வழக்கு வெறும் சொத்துத் தகராறு அல்ல, ஊர்க் காரியம் என்று ஜனங்களுக்குப் படுவதற்கு, தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துப் பழகிய கண்கள் வேண்டும்.

சட்டம் பெரும்பாலும் கட்டடத்தைத்தான் பார்க்கும். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையம் மரபுப் பட்டியலில் சுலபமாக இடம்பிடிக்கும். அதற்கு அருகே வலை பின்னுகிறவர்களின் தெருவுக்கு அந்த வாய்ப்புக் குறைவு. அங்கே ஒரு நடை ஏற்பாடு செய்ய எந்தச் சட்டமும் தேவையில்லை. அந்தத் தெருக்காரர் ஒருவர் முன்னால் நடக்கச் சம்மதித்தால் வரும் ஆகஸ்டிலேயே தொடங்கலாம்.