செப்பிடு வித்தையும் சிரிப்பும்

செப்பிடு வித்தை என்னும் சொல் நம் வீடுகளில் பெரும்பாலும் வசைச்சொல்லாகவே வழங்கிவருகிறது. கணக்கில் சூது செய்பவனை, "என்னிடம் செப்பிடு வித்தை காட்டாதே" என்று கடிந்துகொள்கிறோம். ஆயினும் அச்சொல்லின் பிறப்பு குற்றமற்றது. செப்பு என்பது சிமிழ். சிமிழ்களைக் கவிழ்த்து, அவற்றினடியில் சிறு உருண்டைகளை மறைத்தும் மாற்றியும் காட்டும் கைத்திறமே செப்பிடு வித்தை. முதல் நூற்றாண்டிலேயே உரோமாபுரி மக்களும் இவ்வேடிக்கையை அறிந்திருந்தனர். தத்துவஞானி செனெக்கா தம் கடிதமொன்றில் இதனைத் தீங்கில்லா ஏமாற்று எனக் குறிப்பிட்டு, ஏமாறுவதிலேதான் இன்பம் இருக்கிறது என்றும், சூட்சுமம் தெரிந்துவிட்டால் சுவை போய்விடுகிறது என்றும் எழுதியுள்ளார். தீங்கில்லா ஏமாற்று ஒன்று உண்டெனில், தீங்கு செய்யும் ஏமாற்றினின்று அதனைப் பிரித்தறிவது எங்ஙனம்?

கோடை விடுமுறையில் ஓரிரவு, பங்குக் குடும்பங்கள் சிலவற்றோடு காரைக்குடியில் நகைச்சுவை மாயாஜாலக் காட்சியொன்றைக் காணச் சென்றபோது இக்கேள்வி நம் உள்ளத்தில் எழுந்தது. மேடையில் தோன்றியவர் முதலிலேயே, "உங்களை ஏமாற்றத்தான் வந்திருக்கிறேன், கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று அறிவித்துவிட்டார். கயிற்றை நறுக்கினார், ஒட்டவில்லை என்று கையைப் பிசைந்தார். "ஆச்சி, வீட்டில் கோந்து இருக்கிறதா?" என்று முன்வரிசையிலிருந்த மூதாட்டியைக் கேட்டார். ஆச்சி வாய்விட்டுச் சிரித்து முடிப்பதற்குள், கயிறு முழுதாய் அவர் கையில் தொங்கியது. சிறுவர்கள் எழுந்து நின்று, "இன்னொரு கயிறு சட்டைக் கைக்குள் இருக்கிறது!" என்று கூவினர். அவரோ சினம் கொள்ளாமல் கையை உதறிக் காட்டினார். மண்டபமே சிரிப்பில் ஆழ்ந்தது.

அச்சிரிப்புக்கு வித்தையில் ஒரு பணியும் உண்டு. நாம் சிரிக்கும் கணத்தில் கவனம் தளர்கிறது. கண் கையை விட்டு முகத்திற்குத் தாவுகிறது. கைக்கு வேண்டியது அந்த ஒரு நொடிதான். தவறிவிட்டதுபோல் அவர் திகைத்து நிற்பதும் பெரும்பாலும் பலமுறை ஒத்திகை பார்த்த தவறே.

இக்கலைக்குத் திருச்சபையின் வரலாற்றிலும் இனியதோர் இடமுண்டு. 1815-இல் இத்தாலியில் பிறந்த புனித ஜான் போஸ்கோ இரண்டு வயதிலேயே தந்தையை இழந்தவர். சந்தைகளில் வித்தைக்காரர்களை உற்று நோக்கி அவர்தம் வித்தைகளைக் கற்றார். ஞாயிறுதோறும் ஊராரைப் புல்வெளியில் கூட்டி, செபமாலை சொல்லச் செய்து, காலையில் கேட்ட மறையுரையையும் எடுத்துரைத்த பின்னரே வித்தை காட்டினார். கியேரி நகரில் மாணவராய்த் தங்கியிருந்தபோது, சமைத்து மேசைக்கு வந்த கோழியின் தட்டைத் திறக்க, உயிருள்ள சேவல் கூவிக்கொண்டு வெளியே குதித்தது! அஞ்சிய வீட்டுக்காரர் குருவானவரிடம் முறையிட்டார். கானன் புர்சியோ இளைஞரை அழைத்து விசாரித்தார். மணி என்ன என்று இளைஞர் கேட்க, கானன் தம் கடிகாரத்தைத் தேடினார், காணோம். பணப்பையும் காணோம். அவர் மறதியாய் வைத்த இரண்டையும் எடுத்து, விளக்கு மூடியினடியில் தாமே ஒளித்ததாக ஜான் விளக்கினார். கானன் நகைத்து, அன்பளிப்பும் தந்து அனுப்பினார். விசாரணைக்கு உடன்பட்டதும், செய்முறையை மறைக்காததும் அன்றோ அவருடைய நேர்மைக்குச் சான்று! மேடை வித்தைக்காரர் பலர் இன்றும் அவரைத் தங்கள் பாதுகாவலராகப் போற்றுகின்றனர்.

இனி வேறொரு வகை வித்தைக்காரரைப் பார்ப்போம். கோபுரக் கலசத்தில் இரிடியம் இருக்கிறது. அது அரிசியை இழுக்கும். கோடிக்கணக்கில் விலைபோகும் என்று சொல்லிப் பணம் பறிக்கும் வழக்குகள் தமிழகத்தில் மீண்டும் மீண்டும் பதிவாகின்றன. இரிடியம் என்பது பிளாட்டினத்தின் இனத்தைச் சேர்ந்த உலோகம். அரிசியை இழுக்கும் ஆற்றல் அதற்கில்லை. அரிசியில் இரும்புத்தூளைப் பூசி, பாத்திரத்தில் காந்தத்தை மறைத்தால் அந்த 'அற்புதம்' நிகழ்ந்துவிடும். மேடையில் காட்டினால் கைதட்டல் பெறக்கூடிய சிறு வித்தையே இது. மறைவான அறையில், நள்ளிரவில், "யாரிடமும் சொல்லாதே" என்னும் ஆணையோடு காட்டும்போது, மகளின் திருமணத்திற்கெனச் சேர்த்த நகையும் வீட்டுப் பத்திரமும் பறிபோகின்றன.

இரண்டிற்கும் கைத்திறம் ஒன்றே. வேறுபாடு சிரிப்பில் இருக்கிறது. மேடைக் கலைஞர் சிரிக்கவும் ஐயுறவும் நமக்கு உரிமை தருகிறார். சீட்டுப் பணத்திற்கு மேல் ஒரு காசும் கேட்பதில்லை. மோசக்காரனோ சிரிப்பவனை வெளியேற்றுகிறான்; கேள்வி கேட்டால் சீறுகிறான்; மனைவிக்குத் தெரியக்கூடாது என்கிறான்; நாளைக்குள் பணம் வேண்டுமென அவசரப்படுத்துகிறான்.

ஆகவே பெற்றோரே, இத்தகைய காட்சி ஊருக்கு வருமானால் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். வீடு திரும்பும் வழியில், "எப்படிச் செய்திருப்பார்?" என்று அவர்களையே கேளுங்கள். விடை தவறினும் தாழ்வில்லை. கண்டதையெல்லாம் நம்பவேண்டியதில்லை என்பதைச் சிரித்துக்கொண்டே கற்ற பிள்ளை, பிற்காலத்தில் ஒருவன் இரகசியமாய்க் கதவைத் தட்டும்போது, வீட்டாரனைவரையும் கூப்பிட்டு விளக்கை ஏற்றிவிட்டுத்தான் கதவைத் திறக்கும்.