பதினேழா... பதினெட்டா?

அன்று ஆடி வெள்ளி. அம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டு வந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். ராத்திரி எட்டரை மணி இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தாள். தலை கலைந்து, காலில் செருப்புக்கூட இல்லாமல் நின்றாள்.

"அக்கா, எம் புள்ளய போலீசுல புடிச்சுட்டாங்கக்கா!"

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகிற சாலையில் இருக்கிறது எங்கள் கிளியனூர். புதுச்சேரியில் மது விலை குறைவு. அங்கிருந்து பாட்டில்களைக் கடத்தி வந்து இந்தப் பக்கம் விற்றால் லாபம். லாபம் பார்க்கிறவன் எங்கேயோ இருப்பான். பையைத் தூக்கி வருவதற்கு ஒரு பையனைக் கூலிக்குப் பிடித்துக்கொள்வான். அப்படித்தான் இவனும் முந்நூறு ரூபாய்க்கு ஆசைப்பட்டு, யாரோ கொடுத்த வண்டியில் வந்து மாட்டிக்கொண்டான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சகோதரிகளே. அந்த நிமிஷம் என் மனசில் முதலில் ஓடியது, 'நல்ல வேளை, என் பையன் அவனோடு போகவில்லை' என்பதுதான். 'பெரியம்மா, பெரியம்மா' என்று என் அடுப்படியில் உட்கார்ந்து தோசை தின்ற பிள்ளை அவன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவளோடு கிளம்பினேன். வழியிலேயே ஊர்க்காரர் ஒருவர் வந்து யோசனை சொன்னார். "இதப் பாரும்மா, வயசு பதினெட்டு முடிஞ்சிடுச்சுன்னு சொல்லிடு. குத்தத்த ஒத்துக்கினு அபராதம் கட்டிட்டா முடிஞ்சுது. பதினேழுன்னு சொன்னியோ, புள்ளய ஹோம்ல போட்டுடுவாங்கோ. மாசக் கணக்குல விழுப்புரத்துக்கு அலையணும்."

அவள் தலையை ஆட்டிவிட்டாள். ஹோம் என்றதும் பெற்ற வயிறு கலங்காதா? ஆனால் எனக்கு என்னவோ உறுத்தியது. என் நாத்தனார் வீட்டுக்காரர் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறார். அவருக்குப் போன் போட்டேன்.

"தங்கச்சி, வேற எது வேணா பண்ணுங்க, வயச மட்டும் மாத்திச் சொல்லிடாதீங்க. பதினெட்டு ஆகலன்னா அவனுக்கு வேற கதவு இருக்கு. நீங்களே அதச் சாத்திடாதீங்க" என்றார்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழை டிரங்குப் பெட்டியிலிருந்து தேடி எடுத்துக்கொண்டு போனோம். அவனுக்குப் பதினேழு வயது, நாலு மாசம். அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் பேச்சே மாறிவிட்டது. அம்மாவிடம் எழுதி வாங்கிக்கொண்டு, விழுப்புரத்தில் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் ஆஜராக வேண்டும் என்று சொல்லிப் பையனை அனுப்பினார்கள்.

இது கோர்ட்டா?

குழுமம் என்றால் எப்படி இருக்குமோ என்று பயந்துகொண்டே, திண்டிவனத்தில் பஸ் மாறி விழுப்புரம் போனோம். சினிமாவில் பார்க்கிற கூண்டு இல்லை. உயரமான மேடை இல்லை. அப்படி இருக்கக் கூடாது என்று விதியே இருக்கிறதாம்! மாஜிஸ்டிரேட் ஒருவர், கூடவே சமூக சேவகர்கள் இரண்டு பேர். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம்.

"இதைச் செய்தாயா?" என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. "ஏன் பள்ளிக்கூடத்தை விட்டாய்? வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள்? ராத்திரி எங்கே தூங்குகிறாய்?" என்றெல்லாம் கேட்டார்கள். பையன் கல்லாக நின்றான். அந்த அம்மாள், "உங்கப்பா குடிப்பாரா தம்பி?" என்று மெல்லக் கேட்டதும் பொலபொலவென்று அழுதுவிட்டான். வீட்டில் வாடகை பாக்கி. தங்கைக்குப் புத்தகம் வாங்கவில்லை. அப்பா ஒரு மாசமாக வேலைக்குப் போகவில்லை. பக்கத்துச் சுவரில் இருந்த எனக்கே அதில் பாதி தெரியாது!

பிறகு நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்தார். அக்கம்பக்கம் விசாரித்து அறிக்கை எழுதினார். முடிவில் வந்த உத்தரவு இதுதான்: அம்மாவின் பொறுப்பில் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. ஆலோசனை கேட்கப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் முதியோர் இல்லம் ஒன்றில் ஒத்தாசை செய்ய வேண்டும். ஐ.டி.ஐ.யில் சேர வேண்டும்.

அவனைக் கூலிக்கு அனுப்பியவன் கதை வேறு. பிள்ளைகளை வைத்து மதுவோ போதைப் பொருளோ கடத்தினால் 7 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம் என்று அதே சட்டம் சொல்கிறது. பிள்ளையைத் திருத்து, பிள்ளையைக் கெடுத்தவனைத் தண்டி. நியாயம்தானே?

புதிதல்ல, பழையது

தவறு செய்த பிள்ளைக்குத் தனி நீதிமன்றம் என்ற யோசனை அமெரிக்காவில் சிகாகோ நகரில் 1899-இல் உருவாயிற்று. நம் சென்னை மாகாணம் 1920-லேயே குழந்தைகள் சட்டம் கொண்டு வந்து, இந்தியாவில் வழிகாட்டியது. வங்காளமும் பம்பாயும் அதற்குப் பிறகுதான். 1989-இல் மயாமி நகரில் போதைக்கு அடிமையானவர்களுக்கென்றே ஒரு கோர்ட் திறந்தார்கள். ஜெயிலுக்குப் பதில் சிகிச்சை. நீதிபதியே அடிக்கடி கூப்பிட்டு, தேறி வருகிறார்களா என்று பார்ப்பார்.

நம் நாட்டில் பெரியவர்களுக்கும் வழி இருக்கிறது. 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி, தகுந்த வழக்குகளில் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விடலாம். 21 வயது ஆகாதவரை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றமாக இல்லாவிட்டால், எளிதில் சிறைக்கு அனுப்பக் கூடாது; அனுப்பினால் கோர்ட் காரணம் எழுத வேண்டும்.

எல்லாம் பாலும் தேனுமாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. 2022 டிசம்பரில் செங்கல்பட்டு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோன வழக்கில் அங்கிருந்த ஊழியர்களே கைதானார்கள். அதன் பிறகு ஓய்வு பெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்து, இல்லங்களைச் சீர்திருத்த அரசு யோசனை கேட்டது. அதனால்தான் சொல்கிறேன்: இல்லம் என்பது கடைசி வழி. வீட்டோடு வைத்துத் திருத்த முடியுமானால் அதைக் கேட்டு வாங்க வேண்டியது நாம்தான்.

தாய்மார்கள் மனசில் வைக்க...

• 18 வயது நிரம்பாத பிள்ளையை லாக்கப்பில் போடக் கூடாது. விலங்கு மாட்டக் கூடாது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் கொண்டுபோக வேண்டும்.

• பள்ளிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் இரண்டையும் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். வயதை யார் சொன்னாலும் கூட்டிச் சொல்லாதீர்கள்.

• பிள்ளைகளுக்கு ஜாமீன்தான் வழக்கம். மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும்.

• பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அரசு செலவில் வக்கீல் உண்டு. சட்ட உதவிக்கு 15100, குழந்தைகள் உதவிக்கு 1098.

• குழுமம் கொடுத்த தீர்ப்பு பிள்ளையின் பிற்கால வேலைக்குத் தடையாகக் கூடாது. உரிய காலம் கழிந்ததும் பதிவேட்டையும் அழித்துவிட வேண்டும். (கொடுங்குற்றங்களுக்கு இது வேறு மாதிரி. 16 வயது தாண்டியவர்கள் கொடுங்குற்றம் செய்தால், பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று குழுமம் ஆராயும்.)

அந்த ஓராண்டு லேசில் போகவில்லை. நடுவில் இரண்டு தடவை முதியோர் இல்லத்துக்குப் போகாமல் டிமிக்கி கொடுத்தான். நன்னடத்தை அலுவலர் வீட்டு வாசலிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். அப்பாவைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போனோம். பாதியில் எழுந்து வந்துவிட்டார். ஆனால் பையன் அங்கே ஒரு தாத்தாவுக்குத் தினமணி படித்துக் காட்டப் போய், கண்காணிப்பு முடிந்த பிறகும் ஞாயிறு தவறாமல் போய்க்கொண்டிருந்தான். அந்தத் தாத்தா காலமான அன்று, சொந்தப் பேரனைப்போல நின்றான்.

பெயர், தெரு, பள்ளிக்கூடம் எதையும் எழுதவில்லை. அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன். அப்படிப்பட்ட பிள்ளையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பதும் சட்டம்தான்.

இப்போது எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறான். போன மாசம் எங்கள் வீட்டு மோட்டார் சுவிட்சைச் சரி செய்தான். "கூலி எவ்வளவுப்பா?" என்றேன்.

"ரெண்டு தோசை போடு பெரியம்மா, போதும்" என்றான்.

நான் மூன்றாகப் போட்டேன்.