எரிவாயுவை அளக்கும் இரட்டைச் சுழலிகள்

கோலசிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குச் செம்பனை ஆலைக் கழிவுநீர்க் குளத்தின் நாற்றம் நன்கு தெரியும். அந்த நாற்றத்தோடு மீத்தேன் வாயுவும் வீணாகிறது. 1 கன மீட்டர் கழிவுநீரிலிருந்து ஏறக்குறைய 28 கன மீட்டர் உயிர்வாயு கிடைக்கும். 2014 ஜனவரி 1 முதல் புதிய ஆலைகள் இவ்வாயுவைச் சேகரிக்கவோ, அது வெளியேறாமல் தவிர்க்கவோ வேண்டும் என்பது விதி.

சேகரித்தால் போதுமா? அளக்கவும் வேண்டுமே! எரிவாயுவை அளக்கும் கருவிகளுள் ஒன்று சுழல் மீட்டர். அதனுள் எட்டு வடிவச் சுழலிகள் இரண்டு எதிரெதிர்த் திசையில் சுழல்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் சுவருக்கும் சுழலிக்கும் இடையே நான்கு முறை வாயு சிறைப்பட்டு வெளியேறுகிறது. சுற்றுகளை எண்ணினால் கனஅளவு தெரிந்துவிடும். இவ்வடிவத்தை அமெரிக்காவின் ரூட்ஸ் சகோதரர்கள் காற்றூதும் இயந்திரத்திற்காக 1860இல் காப்புரிமை செய்தனர்.

வாயு நான்கு தவணைகளாக வருவதால் ஓட்டம் சீராக இராது, துடிப்பு எழும். அத்துடிப்பு குழாயின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போனால் குழாய் அதிரும், அளவும் பிசகக்கூடும். இதற்குச் சுழலியின் வடிவமைப்பிலேயே தீர்வு உண்டு. ஒரே அச்சில் இரண்டு இணைச் சுழலிகளை 45 பாகை விலக்கிப் பொருத்தினால், ஒன்றின் ஏற்றம் மற்றதன் இறக்கத்தை ஈடுசெய்யும். சுழலியைத் திருகு வடிவில் முறுக்கினாலும் துடிப்பு தணியும்.

இன்னொன்று இடைவெளி. சுழலிகள் ஒன்றையொன்று உரசாதபடி பல்சக்கரங்கள் காக்கின்றன. அந்த மெல்லிய இடுக்கு வழியே சிறிது வாயு எண்ணப்படாமல் நழுவும். ஓட்டம் குறையும்போது இதன் விழுக்காடு கூடும். இடுக்கை மிகக் குறைத்தாலோ தூசியும் ஈரமும் சுழலியை முடக்கி, வாயு வழியையே அடைத்துவிடும். ஹைட்ரஜன் சல்பைடும் ஈரமும் கலந்த ஆலை உயிர்வாயுவைச் சுத்திகரித்து, உலர்த்தி, வடிகட்டியே இத்தகைய மீட்டருக்குள் விட வேண்டும்.

நாளொன்றுக்கு 300 கன மீட்டர் கழிவுநீர் வரும் ஆலையில் சுமார் 8,400 கன மீட்டர் வாயு கிடைக்கும். அளவில் 1 விழுக்காடு தவறினால் தினமும் 84 கன மீட்டர் கணக்கில் விடுபடும். தோட்டத்துப் பிள்ளைகள் தொழில்நுட்பராக இந்த ஆலைகளுக்குள் நுழையும்போது, முள்ளைப் படிப்பதோடு நின்றுவிடாமல், அதைச் சுழற்றும் உருளையையும் அறிந்திருப்பது அவர்களுக்கே பலம்.