உயர்த்திய ஜீப்பும் ஒரு துண்டு ரப்பரும்

தண்ணீர்மலை முருகனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே சற்றுத் தூரம் நடந்து, பினாங்குத் தாவரவியல் பூங்காவின் வாசலருகே நின்று பாருங்கள். அங்கிருந்துதான் கொடிமலைக்கு ஜீப் பாதை ஏறுகிறது. ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தூரம். ஆளை மலைக்க வைக்கும் செங்குத்து. 1923-இல் தொடங்கிய மலை ரயில் ஒரு பக்கம் இருக்க, அனுமதி பெற்ற ஃபோர் வீல் வண்டிகள் இந்தப் பாதையில் ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிச் செல்கின்றன.

அந்த வண்டி ஏறும்போது பாரமெல்லாம் பின்சக்கரத்தின் மேல் சாய்கிறது. இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் முன்பக்கம் தலை குனிகிறது. ஸ்பிரிங் அமுங்கி, சக்கரம் மேலே வந்து, இரும்போடு இரும்பு மோதப் போகும் அந்தக் கடைசிக் கணத்தில் குறுக்கே நின்று அடியைத் தாங்குவது எது? கைப்பிடி அளவுள்ள ஒரு ரப்பர் துண்டு! பட்டறையில் இதை 'பம்ப் ஸ்டாப்பர்' என்பார்கள். நாம் முட்டு ரப்பர் என்று வைத்துக்கொள்வோம். ஓடும் தேரை நிறுத்தச் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறார்களே, அதே வேலைதான்.

கொடிமலைக்கு உள்ள நியாயம்தான் உங்கள் தோட்டத்துச் செம்மண் பாதைக்கும். நிபோங் திபால் பக்கத்துச் செம்பனைத் தோட்டமானாலும் சரி, மழை பெய்தால் பாதை வாய்க்காலாகிவிடுகிறது. ஆகவே தோட்டத்துப் பிள்ளைகள் பழைய பிக்கப் ஒன்றை வாங்கியதும் முதலில் செய்ய நினைப்பது, அதை இரண்டு அங்குலமாவது உயர்த்துவதுதான். உயர்த்துவது தவறல்ல. உயர்த்திவிட்டு முட்டு ரப்பரை மறந்துவிடுவதுதான் தவறு.

உயர்த்தினால் என்ன ஆகிறது?

உங்கள் மகன் வண்டியைப் பட்டறையில் விட்டு உயரமான ஸ்பிரிங்கும் நீளமான ஷாக் அப்சர்பரும் போடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். நீளமான அப்சர்பர் முழுதாக விரியும்போது மட்டுமல்ல, முழுதாக மூடும்போதும் நீளமாகவே இருக்கும். இங்கேதான் வினை!

ஒரு கணக்குப் பாருங்கள். பழைய அப்சர்பர் மூடினால் 13½ அங்குலம். வண்டி நிற்கும்போது அதன் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் இடையே 19 அங்குலம். ஆக, சக்கரம் 5½ அங்குலம் மேலே வந்தால் அப்சர்பர் முட்டிக்கொள்ளும். ஆனால் 4 அங்குலத்திலேயே முட்டு ரப்பர் எதிர்ப்பட்டு, தான் 1 அங்குலம் நசுங்கி, 5-இல் நிறுத்திவிடுகிறது. அரை அங்குலம் மிச்சம். அப்சர்பர் பிழைத்தது.

இப்போது வண்டியை 2 அங்குலம் உயர்த்தினோம். இரு முனைகளுக்கும் இடையே 21 அங்குலம். புதிய அப்சர்பர் மூடினால் 15½. அதே 5½ அங்குலத்தில் அது முட்டிக்கொள்ளும். ஆனால் முட்டு ரப்பருக்கும் ஆக்சிலுக்கும் உள்ள இடைவெளி 4-லிருந்து 6 ஆகிவிட்டது! ரப்பர் எதிர்ப்படுமுன்பே அப்சர்பர் அடி வாங்கிவிடுகிறது. பாரத்தோடு ஒரு பள்ளத்தில் விழுந்தால் அப்சர்பர் வளையும். அல்லது அதைப் பிடித்திருக்கும் காது பிய்யும். டயர் மட்கார்டில் உரசும். பிரேக் குழாய் நசுங்கினால் கேட்கவே வேண்டாம். அந்த வண்டியில் பிள்ளைகளும் வருவார்களே!

எவ்வளவு இறக்குவது?

'இரண்டு அங்குலம் உயர்த்தினால் ரப்பரையும் இரண்டு அங்குலம் இறக்கு' என்று சொல்வார்கள். எப்போதும் அது பொருந்தாது. மூடிய அப்சர்பரின் நீளம் எவ்வளவு கூடியதோ, அதைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். மேற்சொன்ன வண்டிக்கு 2 அங்குலம் சரி. புதிய அப்சர்பர் மூடினால் 14½ அங்குலம்தான் என்றால் 1 அங்குலம் போதும். டயரும் பெரிதானால் இன்னும் சற்று இறக்க வேண்டி வரலாம். அப்சர்பர் சாய்வாக மாட்டியிருந்தால் கணக்கு மாறும். வண்டியிலேயே அளந்து பார்ப்பதுதான் உறுதி.

அளவுக்கு மீறி இறக்கினாலும் ஆபத்துத்தான். பாரம் ஏற்றியவுடன் வண்டி ரப்பரின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். ஸ்பிரிங் இருந்தும் இல்லாதது போல ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் இடிக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சேசிஸுக்கும் கூண்டுக்கும் நடுவே கட்டை வைத்து உயர்த்தினால் ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும். பெரிய டயர் போட்டாலொழிய ரப்பரைத் தொட வேண்டாம். சில பிக்கப்புகளின் முன்பக்கத்தில் முறுக்குக் கம்பியைத் திருகி உயர்த்துவார்கள். அப்போதும் மேலே முட்டும் இடம் மாறாது. சக்கரம் கீழே இறங்கும் தூரம்தான் குறையும்.

எந்த ரப்பர்?

சாதாரண ரப்பர் விலை மலிவு. பல ஆண்டு உழைக்கும். அது நசுங்கும்போது பக்கவாட்டில் பிதுங்கும். அதற்கு இடம் விட வேண்டும். நுரைபோன்ற பாலியூரித்தேன் அவ்வளவாகப் பிதுங்காது. அது நன்றாக அமுங்கி, அடியை மெல்ல மெல்ல வாங்கிக்கொள்ளும். அடிக்கடி பாரம் ஏற்றுகிறவர்களுக்கு நல்லது. எண்ணெய் அடைத்த சிலிண்டர் வகை பந்தயக்காரர்களுக்கு. நமக்கு அந்தச் செலவு வேண்டாம்.

ரப்பரின் அருமை நமக்கா தெரியாது? 1877-இல் கோலகங்சாரில் ஊன்றிய கன்றுகளின் வழி வந்த பால்மரங்களைச் சீவிய கைகள் அல்லவா நம்முடையவை! அந்தப் பாலில் செய்த ரப்பருக்கு டீசலும் எண்ணெயும் எதிரி. ஒழுகுவதைத் துடைத்து வையுங்கள். வெடிப்பு விட்டிருந்தால் மாற்றிவிடுங்கள்.

மாட்டும் முறை

தெரிந்த ஃபோமனிடமே கொடுங்கள். ஆனால் பக்கத்தில் நின்று இவற்றைக் கேளுங்கள்:

1. சேசிஸை உறுதியான ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில் நுழையக் கூடாது.

2. சுருள் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, பட்டை ஸ்பிரிங் என்றால் முதல் பட்டையை மட்டும் விட்டுவிட்டு, ஆக்சிலை ஜாக்கியால் மெல்ல உயர்த்திப் பார்க்க வேண்டும். முதலில் இரு பக்கமும் சேர்ந்து. பிறகு ஒரு பக்கம் மேலே, மறுபக்கம் கீழே.

3. ஸ்டீரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி டயர், பிரேக் குழாய், புரொப்பெல்லர் ஷாஃப்ட் எதிலும் உரசவில்லை என்று பார்க்க வேண்டும்.

4. ரப்பரை இறக்க வைக்கும் துண்டு இரும்பாகவோ கெட்டி நைலானாகவோ இருக்கட்டும், மரக்கட்டை வேண்டாம். நீளமான போல்ட், கழலாத நட்டு போட வேண்டும். ரப்பர் ஆக்சிலில் நடுவாக விழ வேண்டும்.

5. அப்சர்பரின் தண்டு வெளியே தெரிந்தால், அதில் ஒரு பிளாஸ்டிக் கட்டுக்கயிற்றை இறுக்கி, அப்சர்பரின் உடம்போடு ஒட்டித் தள்ளி வைத்துப் பாரத்தோடு ஓட்டி வாருங்கள். கயிறு தள்ளப்பட்டு நிற்கும் இடம், அப்சர்பர் எவ்வளவு மூடியது என்பதைக் காட்டிக்கொடுக்கும். தண்டின் கடைசி வரை போயிருந்தால் ரப்பரை இன்னும் இறக்க வேண்டும். சில நாள் கழித்து நட்டுகளை மீண்டும் இறுக்குங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு வேலை உண்டு. வண்டியின் உயரத்தை மாற்றச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும். கேட்காமல் செய்துவிட்டு, விபத்துக்குப் பின் காப்புறுதிக்காரர்களிடம் மல்லுக்கு நிற்பது யாருக்கு லாபம்?

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் பழமொழி. மாதத் தவணை கட்டி வாங்கிய வண்டி அது; வீட்டார் எல்லோரும் ஏறுகிற வண்டி. உயர்த்துகிற செலவைக் கணக்கிடும்போதே இந்த ரப்பர் துண்டின் விலையையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். வாங்குமுன் அளந்து பாருங்கள்.