லாங்டாங் பள்ளத்தாக்கில் மூச்சுக் கணக்கு

எங்கள் வார்டில் யாருடைய விரலிலாவது ஆக்சிமீட்டர் ரத்த ஆக்சிஜனை 86 சதவீதம் என்று காட்டினால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். தலைமாட்டை உயர்த்துவது, மாஸ்க் மாட்டுவது, டியூட்டி டாக்டரைக் கூப்பிடுவது எல்லாம் ஒரே மூச்சில் நடக்கும். நேபாளத்தில் 3,870 மீட்டர் உயரத்தில் இருக்கும் க்யாஞ்சின் கோம்பாவில், காலைச் சாப்பாட்டு மேசையில், என் விரலில் அதே 86 விழுந்தது. எங்கள் கைடு அதைச் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். "ராத்திரி சூப்பை முழுசா குடிச்சீங்களா தீதி? தலைவலி ஏதும் இருக்கா?" என்று கேட்டார். குடித்தேன், வலி இல்லை என்றேன். தலையசைத்துவிட்டு அடுத்தவர் விரலுக்குப் போய்விட்டார்.

மதுரையில் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்த எண்ணைப் பார்த்து ஒருவர் பதறாமல் இருந்ததை க்யாஞ்சினில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அவர் அலட்சியமாக இருக்கவில்லை. எங்களை அவர் கவனித்த அளவுக்கு நோயாளியைக் கவனிக்கும் ஆட்கள் எந்த ஆஸ்பத்திரியிலும் குறைவுதான். அவர் எதைப் பார்த்தார், எதை விட்டார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மலைப் பயணத்துக்குக் கைடு எதற்கு, பாதைதான் தெளிவாகப் போட்டிருக்கிறதே என்று கேட்பவர்கள் நிறையப் பேர்.

காத்மாண்டுவுக்கு வடக்கே, திபெத் எல்லையை ஒட்டிய ரசுவா மாவட்டத்தில் இருக்கிறது லாங்டாங். ஜீப்பில் ஒரு பகல் பொழுது மலைச்சாலையில் குலுங்கினால் ஸ்யாப்ருபேசி வரும். உயரம் 1,460 மீட்டர் அளவு, நம் கொடைக்கானலைவிடத் தாழ்வு. அங்கே சாலையை விட்டுவிட்டு லாங்டாங் ஆற்றின் கரையைப் பிடித்துக் கிழக்கே நடக்க வேண்டும். 1976-ல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட காடு அது. மூங்கிலும் ஓக் மரங்களும் அடர்ந்த சரிவு, எதிர்ப் பாறையில் அடுக்கடுக்காகத் தொங்கும் மலைத்தேன் அடைகள், கிளைக்குக் கிளை தாவும் முகம் கறுத்த லங்கூர் குரங்குகள். ஆற்றின் இரைச்சலில் பக்கத்தில் வருபவரின் பேச்சுக்கூடக் கேட்காது. இரண்டு பக்கமும் மலை செங்குத்தாக நெருக்கிக்கொண்டு நிற்கும்.

கோடா தபேலாவைத் தாண்டியதும் அந்த நெருக்கம் விலகுகிறது. பள்ளத்தாக்கு அகன்று தட்டையாகிறது, இரு பக்கச் சுவர்களும் எட்டிப்போய் நிற்கின்றன. இதற்குக் காரணம் எளிது. கீழே பள்ளத்தை அறுத்தது ஆறு, அது ஆழமாகவும் குறுகலாகவும் அறுக்கும். மேலே அறுத்தது பனியாறு. பல நூறு அடிப் பருமனுள்ள பனிக்கட்டி, கல்லையும் மண்ணையும் அடியில் சுமந்துகொண்டு, மெல்ல மெல்ல நகர்ந்து, அகலமாகச் சுரண்டிக்கொண்டே போயிருக்கிறது. பனி பின்வாங்கிவிட்டது, அது சுரண்டிய தொட்டிதான் மிச்சம். அதில் இப்போது பார்லி விளைகிறது, சௌரி மாடுகள் மேய்கின்றன. யாக்கும் பசுவும் சேர்ந்த கலப்பினம் சௌரி. க்யாஞ்சினில் 1950-களில் ஸ்விஸ் உதவியோடு ஆரம்பித்த சீஸ் தொழிற்சாலைக்குப் பால் தருவதும் இவைதான்.

இனி மூச்சுக்கு வருகிறேன். உயரத்தில் ஆக்சிஜன் குறைவு என்பார்கள். எவ்வளவு உயரம் போனாலும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். குறைவது அழுத்தம். க்யாஞ்சினில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கொஞ்சம் குறைவு, 5,000 மீட்டரில் ஏறக்குறைய பாதி. அழுத்தம் குறைந்தால் நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு ஆக்சிஜனைத் தள்ளும் விசையும் குறைகிறது. உடம்பு உடனே வேகமாக மூச்சு வாங்கி ஈடுகட்டப் பார்க்கும். அப்படி வாங்கும்போது கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறி, ரத்தத்தில் காரத்தன்மை ஏறிவிடுகிறது. "போதும், மெதுவாக" என்று மூளை தடை போடுகிறது. இந்த இழுபறிதான் ராத்திரியில் தெரியும். தூங்குகிறவருக்கு மூச்சு ஏறிக்கொண்டே போய், சட்டென்று நின்று, சில விநாடி கழித்துப் பெரிய இழுப்பாகத் திரும்பும். பக்கத்துக் கட்டிலில் அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். வார்டில் அது கெட்ட அறிகுறி. மலையில் அது பலருக்கும் வருவதுதான்.

இந்த இழுபறியைத் தீர்ப்பது சிறுநீரகம். கூடுதல் காரத்தைச் சிறுநீரில் வெளியேற்றி, மூச்சுக்குப் போட்ட தடையை அது மெல்ல நீக்கும். அதற்குச் சில நாள் பிடிக்கும். அசெட்டசோலமைடு மாத்திரை, கடைப் பெயரில் டயமாக்ஸ், அந்த வேலையைத்தான் கொஞ்சம் முடுக்கிவிடுகிறது. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. எந்த மாத்திரை போட்டாலும் அந்தச் சில நாளைத் தாண்டிக் குதிக்க முடியாது. 3,000 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு ராத்திரியும் படுக்கும் இடம் முந்தைய ராத்திரியைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்பது பொது விதி. பகலில் அதைவிட உயரம் ஏறி இறங்கலாம், தலை சாயும் இடம்தான் கணக்கு.

வழக்கமான திட்டங்களில் லாமா ஹோட்டல் என்ற இடத்தில் ஒரு ராத்திரி, மறுநாள் நேராக லாங்டாங் கிராமம். முதலாவது 2,400 மீட்டர் அளவு, அடுத்தது 3,430. ஒரே நாளில் ஆயிரம் மீட்டர். எங்கள் கைடு நடுவில் தாங்ஷ்யாப்பில் ஒரு ராத்திரியைச் செருகினார். மதியம் இரண்டு மணிக்கே அங்கே போய்ச் சேர்ந்து சும்மா உட்கார்ந்திருந்தோம். "இன்னும் மூணு மணி நேரம் வெளிச்சம் இருக்கே, நடந்தா என்ன?" என்று குழுவில் முணுமுணுப்பு. அவர் அடுப்பங்கரையில் பூண்டு சூப்புக்குச் சொல்லிவிட்டு வந்து எங்களோடு உட்கார்ந்துகொண்டார். மேலே ஏறி முடிக்கும்வரை யாரும் ரக்ஸி என்ற உள்ளூர்ச் சாராயத்தைத் தொடக் கூடாது, தூக்க மாத்திரை போடக் கூடாது என்பதும் அவர் சட்டம். இரண்டுமே மூச்சை மட்டுப்படுத்தும். இதை அவர் எந்த மருத்துவப் புத்தகத்திலும் படிக்கவில்லை, ஆனால் வரி பிசகாமல் சரி.

குழுவில் ஒரு தம்பி, சென்னையில் மென்பொருள் வேலை, மாரத்தான் ஓடுகிறவர். முதல் நாளிலிருந்து எல்லோருக்கும் முன்னால் போனவர். லாங்டாங் கிராமத்துக்கு வந்த சாயங்காலம் தால்பாத் தட்டை அப்படியே தள்ளி வைத்தார். கைடு அதைத்தான் முதலில் பார்த்தார். ஆக்சிமீட்டரில் அந்தத் தம்பிக்கு 88, எனக்கு 85. எண்ணை வைத்துப் பார்த்தால் நான்தான் மோசம். அவருக்குத் தலைவலி, எனக்கு நல்ல பசி. கருவியை ஒதுக்கி வைத்துவிட்டு, தரைப் பலகையின் இடுக்கைக் கோடாக வைத்து, ஒரு காலின் குதிகாலை மறு காலின் நுனியில் ஒட்டி ஒட்டி நடக்கச் சொன்னார். தம்பி தள்ளாடாமல் நடந்தார். மூளை வீங்கத் தொடங்கியிருந்தால் அந்த நடை குலையும், குலைந்தால் நடுராத்திரியானாலும் கீழே இறக்கியே ஆக வேண்டும். அன்று ராத்திரி இரண்டு தடவை அவரை எழுப்பி, பெயர் சொல்ல வைத்து, மறுபடி நடக்க வைத்தார். இளைக்கிறதா, இருமல் உண்டா என்று முதுகில் காதை வைத்துக் கேட்டார். நுரையீரலில் நீர் கோத்தால் முதலில் அப்படித்தான் காட்டும்.

விடியும்போது வாந்தி. பாராசிட்டமாலுக்கு வலி அடங்கவில்லை. "கீழே போறோம்" என்றார் கைடு.

"இன்னும் ஒரே ஒரு நாள்தான் அண்ணே, சமாளிச்சுக்குவேன். இவ்வளவு பணம் கட்டி வந்திருக்கேன்."

"மலை இங்கேயேதான் இருக்கும் தம்பி. அடுத்த வருஷம் வா, நானே கூட்டிட்டுப் போறேன்."

குரல் உயரவில்லை, பேச்சு அதோடு முடிந்தது. துணைக் கைடும் ஒரு போர்ட்டரும் அவரோடு இறங்கினார்கள். பிற்பகலில் லாமா ஹோட்டலிலிருந்து போன் வந்தது. தலைவலி போய்விட்டது, இரண்டு தட்டு தால்பாத் சாப்பிட்டாராம். உயரநோய்க்கு இறங்குவதைப் போல மருந்து இல்லை. உடல்வலு அதைத் தடுக்காது. வலுவுள்ளவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களுக்குத்தான் சில நேரம் முதலில் வருகிறது.

லாங்டாங் கிராமத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. 2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணியாகச் சில நிமிடங்கள் இருக்கும்போது 7.8 அளவு நிலநடுக்கம். 7,227 மீட்டர் உயர லாங்டாங் லிருங்கின் சரிவில் தொங்கிக்கொண்டிருந்த பனிக்கட்டியும் பாறையும் பெயர்ந்து பழைய கிராமத்தின் மேல் விழுந்தன. அது தள்ளிக்கொண்டு வந்த காற்றே எதிர்க்கரைக் காட்டு மரங்களைப் படுக்க வைத்துவிட்டது. 300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், ஊர்க்காரர்களும் வெளிநாட்டுப் பயணிகளும். பாறை நிழலில் ஒட்டியிருந்த ஒரே ஒரு வீடு தப்பியது. எஞ்சியவர்கள் மாதக்கணக்கில் காத்மாண்டுவில் ஒரு புத்த மடத்தின் வளாகத்தில் கூடாரங்களில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, கொஞ்சம் தள்ளிப் புது ஊரைக் கட்டினார்கள். இன்று நாம் தங்கும் விடுதிகள் அவர்கள் கட்டியவை.

அந்தக் கற்குவியலின் மேல்தான் இப்போதைய பாதை போகிறது. ஏறி நடக்கும்போது கைடு எங்களை நிற்க விடவில்லை. "போட்டோ எல்லாம் அந்தப் பக்கம் போய் எடுங்க, இங்கே உட்கார வேண்டாம்." அவருடைய தாய்மாமன் குடும்பம் அதற்கடியில் இருக்கிறது. அன்று அவர் வேறு குழுவோடு காத்மாண்டுவில் இருந்தாராம். பெயர்கள் பொறித்த நினைவுச் சின்னத்தின் முன்னால் அதை ஒரு தடவை சொன்னார், நான் மேலே எதுவும் கேட்கவில்லை. உட்கார வேண்டாம் என்றது துக்கத்தால் மட்டும் இல்லை. மேலே இன்னும் பனி தொங்குகிறது. எந்தச் சரிவுக்கு நேர்கீழே எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதும் அவர் பார்க்கும் பட்டியலில் உண்டு.

க்யாஞ்சினில் விடுதியின் பின்னால் ஏறியதும் சாம்பல் நிறக் கல் மேடுகளைக் காட்டி, "பனியாறு" என்றார். எனக்குக் கல்தான் தெரிந்தது. லிருங் பனியாற்றின் கீழ்ப்பகுதி முழுக்கக் கல்லும் மண்ணும் போர்த்திக் கிடக்கிறது. அங்கங்கே பிளவில் பனிக்கட்டி கறுப்பாக மினுங்குகிறது, இடையிடையே கலங்கல் குட்டைகள். கல் போர்வை மெல்லியதாக இருந்தால் வெயிலை வாங்கி உருக்கத்தை வேகப்படுத்தும், தடிமனாக இருந்தால் காப்பாற்றும். இரு பக்கமும் மதில்போல ஓடும் கல்மேடுகளின் உச்சிதான் ஒரு காலத்தில் பனி நின்ற மட்டம். உச்சியில் நின்று பனியைத் தேடிக் கீழே வெகுதூரம் பார்க்க வேண்டியிருந்தது.

அதே பள்ளத்தாக்கில் மேலே இருக்கும் யாலா பனியாறு, இமயத்தில் ஆண்டுதோறும் அளக்கப்படும் மிகச் சிலவற்றில் ஒன்று. 1970-களிலிருந்து அது மூன்றில் இரண்டு பங்கு சுருங்கி, 784 மீட்டர் பின்வாங்கியிருக்கிறது. 2025 மே மாதம் ஆய்வாளர்களும் ஊர்க்காரர்களும் பௌத்த துறவிகளும் அங்கே ஏறிப்போய் அதற்கு இறுதிச் சடங்கு செய்தார்கள். ஐஸ்லாந்தின் ஆண்ட்ரி ஸ்னேர் மக்னசன், நேபாளத்தின் மஞ்சுஸ்ரீ தாபா என்ற இரண்டு எழுத்தாளர்களின் வாசகங்கள் கல்லில் பொறித்து வைக்கப்பட்டன. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 8 அன்று திபெத் பக்கம் ஒரு பனியாற்றின் மேல் தேங்கியிருந்த ஏரி உடைத்துக்கொண்டு, ரசுவாகடி எல்லையிலிருந்த நட்புப் பாலத்தை அடித்துக்கொண்டு போனது. வெள்ளம் வந்தது ஸ்யாப்ருபேசியைத் தொட்டு ஓடும் போட்டே கோசி ஆற்றில்தான். பனி உருகுவது கீழே இருப்பவர்களுக்கு இப்படியும் வந்து சேர்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: மார்ச் முதல் மே வரை அல்லது அக்டோபர், நவம்பர். இந்தியர்களுக்கு விசா வேண்டாம், பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும். பூங்கா நுழைவுக் கட்டணம் சார்க் நாட்டவருக்குக் குறைவு. 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வெளிநாட்டவர் உரிமம் பெற்ற கைடோடுதான் நடக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. காப்பீடு எடுக்கும்போது எத்தனை மீட்டர் வரை, ஹெலிகாப்டர் மீட்பு உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள், சாதாரணப் பயணக் காப்பீடு இந்த உயரத்துக்குப் பெரும்பாலும் செல்லாது.

முன்பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். ஸ்யாப்ருபேசிக்கும் க்யாஞ்சினுக்கும் இடையே எத்தனை ராத்திரி? இரண்டு என்றால் மூன்றாக்கச் சொல்லுங்கள், ஒரு நாள் அதிகம் செலவானாலும் பரவாயில்லை. அடுத்தது, நம் மூட்டையைத் தூக்கும் போர்ட்டருக்கு நல்ல ஷூ, குளிர்ச்சட்டை, காப்பீடு மூன்றும் இருக்கிறதா, தலையில் நம்லோ வாரை மாட்டி அவர் எத்தனை கிலோ சுமக்கப் போகிறார்? உயரநோய் அவருக்கும் வரும். எங்கள் கைடு காலையில் ஆக்சிமீட்டரை எடுத்தால் அது எங்கள் மேசையோடு நிற்காது, அடுப்பங்கரையில் உட்கார்ந்து சாப்பிடும் போர்ட்டர்களின் விரல்களுக்கும் போய்விட்டுத்தான் உறைக்குள் திரும்பும்.