வாசிக்கத்தக்க சில ஆய்வுகள்

அல்லாமா இக்பால் 1929ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து ஆற்றிய பேருரைகள், ஹைதராபாத், அலிகர் உரைகளுடன் 1930இல் நூலாக வெளிவந்தன. சென்னை முஸ்லிம் சங்கத்தின் வேண்டுகோளே அவ்வுரைகளுக்குக் காரணம் என நூல் முன்னுரை கூறுகிறது. அறிஞர் ஒருவரை அழைத்துச் செவிமடுத்த அந்தச் சமுதாயத்தின் வழிவந்த நாம், இன்று நம்மைப் பற்றியே நிகழும் ஆய்வுகளை எந்த அளவுக்கு அறிந்துள்ளோம்? இக்கேள்வியுடன் சில நூல்களை இங்கு அறிமுகம் செய்கிறோம்.

முதலில் குறிப்பிடத்தக்கது, ரோனித் ரிச்சி எழுதி 2011இல் சிகாகோ பல்கலைக்கழகம் வெளியிட்ட 'இஸ்லாம் டிரான்ஸ்லேட்டட்'. யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு ஸலாம், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினாக்கள் தொடுத்து, விடைகளில் தெளிவுற்று இஸ்லாத்தைத் தழுவும் வரலாறு பல மொழிகளில் நூலாகியுள்ளது. தமிழில் அதுவே வண்ணப்பரிமளப் புலவரின் ஆயிர மசலா (1572). நம்மில் பலர் பெயரளவில் மட்டும் அறிந்த இந்நூலை, மலாய், யாவா வடிவங்களுடன் அருகருகே வைத்து ஆராய்கிறார் ரிச்சி. ஷெல்டன் பொல்லாக் வடமொழிக்குக் கூறிய பண்பாட்டுப் பெருவெளியைப் போன்று அரபுக்கும் ஒன்று இருந்தது என்பது அவர் முடிபு. அரபுச் சொற்கள் அந்தந்த மொழியில் கலந்தன. அரபு எழுத்தோ அரபுத்தமிழாகவும் ஜாவியாகவும் பெகோனாகவும் உருக்கொண்டது. ஆகவே மொழிபெயர்ப்பு என்பது சொல்மாற்றம் மட்டுமன்று. ஒரு சமுதாயம் தன்னைப் புதிதாக உணர்ந்துகொண்ட வழியுமாகும்.

கேரளத்தைச் சேர்ந்த மஹ்மூத் கூரியாவின் நூல் 2022இல் கேம்பிரிட்ஜ் வெளியீடாக வந்தது. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ், இப்னு ஹஜர் ஹைத்தமியின் துஹ்ஃபா, பொன்னானி ஜைனுத்தீன் மக்தூமின் ஃபத்ஹுல் முயீன் முதலிய ஷாஃபிஈ சட்ட நூல்கள் டமாஸ்கஸ், மக்கா, மலபார், ஜாவா எனக் கடல்வழியே பரவிய வரலாற்றை அது விரித்துரைக்கிறது. மக்தூம் குடும்பத்தார் மஅபர் கரையிலிருந்து மலபாருக்குப் பெயர்ந்தனர் என்பது மரபு. நம் கடற்கரை ஊர்களின் மத்ஹபு வரலாற்றுக்கும் இந்நூல் துணைநிற்கும்.

உரை வகையில், தலால் அசத் ஆற்றி ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் 1986இல் வெளியிட்ட சிறுநூல் பழையதாயினும் தவிர்க்கவியலாதது. குர்ஆனையும் ஹதீஸையும் அடிப்படையாகக் கொண்டு தலைமுறைதோறும் தொடரும் கருத்தாடல் மரபாக இஸ்லாத்தை அணுக வேண்டும் என்கிறார், முஹம்மத் அசதின் புதல்வரான இவர். இதற்கு மறுமொழியாகவும் வாசிக்கத்தக்கது, ஷஹாப் அஹ்மத் மறைந்தபின் 2016இல் வெளிவந்த 'வாட் இஸ் இஸ்லாம்?'.

இவை யாவும் ஆங்கில நூல்கள். தமிழும் அரபும் ஒருங்கே கற்ற நம் ஆலிம்களும் பேராசிரியர்களும் இவற்றைப் படித்து, ஏற்பன ஏற்று, மறுப்பன மறுத்துத் தமிழில் எழுதவேண்டும். செய்யுளின் நுட்பமும் ஃபிக்ஹின் நுட்பமும் அறிந்தோரே இவ்வாய்வுகளின் நிறைகுறைகளைச் சரியாக மதிப்பிட இயலும். நம் கல்லூரிகள் பருவத்துக்கு ஒரு நூலையேனும் எடுத்து, எழுதியவரையோ துறை வல்லுநரையோ அழைத்து உரையாடினால், சென்னை ஒருகாலத்தில் தொடங்கிவைத்த பணி தொடரும்.