வாசலில் கிராவல் அடிக்க எத்தனை யூனிட் வேண்டும்?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கம் கரிசல் பாதையில் பைக் ஓட்டுகிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மட்கார்டுக்குள் மண் அப்பி, சக்கரமே சுத்தாது. இந்த வருஷமாவது வீட்டுப் பாதைக்கு கிராவல் அடித்துவிடலாம் என்று கிளம்பினால், "ரெண்டு லோடு அடிங்க, பார்த்துக்கலாம்" என்பார்கள். அங்கேதான் பணம் போகிறது. வண்டிக்கு வண்டி லோடு மாறும், யூனிட் மாறாது. ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது சுமார் 2.83 கன மீட்டர்.

உங்கள் பாதை 60 அடி நீளம், 12 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 720 சதுர அடி. 4 அங்குல கனத்துக்குப் போட வேண்டும் என்றால் 720-ஐ 4-ஆல் பெருக்கி, 12-ஆல் வகுக்க வேண்டும். 240 கன அடி வரும். அங்குலத்தை அடியாக்கும் அந்த 12-ஐ விட்டுவிட்டு, "கால்குலேட்டர் 2,880 காட்டுதே!" என்று மிரண்டு போகிறவர்கள் நிறைய.

இந்த 240 கன அடி, ரோலர் ஓட்டி அமுக்கிய பிறகு இருக்க வேண்டிய அளவு. உதிரியாக வரும் கிராவல் அமுங்கும் என்பதால் கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். 300 கன அடி, அதாவது 3 யூனிட். மேலே இளகிக் கிடக்கும் கரிசலை வெட்டி எடுக்காமல் கொட்டினால் எத்தனை யூனிட் போட்டாலும் மழையில் உள்ளே இறங்கிவிடும். வெட்டிய பள்ளத்தின் ஆழத்தையும் கனத்தில் சேர்க்கணும்.

பட்டா அளவு சென்டில்தான் தெரியும் என்றால், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. வீடு நிற்கும் இடத்தைக் கழித்துவிடுங்கள். போன் மேப்பில் தூரம் அளக்கலாம்தான், ஆனால் சின்ன இடத்துக்கு ரெண்டு மூணு அடி பிசகினாலே கணக்கு மாறும். டேப்பே நல்லது.

வண்டி வந்ததும் கொட்டுவதற்கு முன் தொட்டியின் உள்ளளவைப் பாருங்கள். 12 அடி நீளம், 7 அடி அகலம், 3 அடி உயரம் என்றால் சமமாக நிரப்பினாலும் 252 கன அடிதான். "மூணு யூனிட்" என்று பில் போட்டால், கிட்டத்தட்ட அரை யூனிட் எங்கே என்று கேட்கலாம். கொட்டிய பிறகு கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

சிவகாசிக்காரர்களுக்கு ஒன்று. பட்டாசு ஆலைக்கு இந்தக் கணக்கை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். வெடிமருந்து கையாளும் அறைக்குள் மணல், கல் துகள் இருக்கவே கூடாது என்கின்றன 2008 வெடிபொருள் விதிகள். அறை வாசலில் கிராவல் கொட்டினால் அது காலோடு உள்ளே போகும். மருந்து உராய்ந்து பற்ற ஒரு பொடிக்கல் போதும். அங்கே தரை எப்படி இருக்கணும் என்பதை வெடிபொருள் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் செய்யணும்.

கிராவல் ஒரு சிறுகனிமம். கொண்டுவரும் வண்டிக்கு நடைச்சீட்டு கட்டாயம். டிரைவரிடம் வாங்கி வண்டி எண், தேதி, அளவு மூன்றும் பொருந்துகிறதா என்று பார்த்து, போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யூனிட் கணக்கில் தகராறு வந்தாலும் அந்தப் படம் கைகொடுக்கும்.